திடல் யாருக்கு உரியது?

ஈப்போ நகரில் காற்பந்தைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் ஆட்டக்காரர்களில் தொடங்கித் தலைவர்களில் முடிப்பது வழக்கம். எந்த ஆண்டில் எவர் கோல் அடித்தார் என்ற பேச்சு, ஒரு குவளைக் கோப்பி தீர்வதற்குள், எந்தத் தலைவர் காலத்தில் குழு செழித்தது, எந்தத் தலைவர் காலத்தில் சீரழிந்தது என்ற வழக்காக மாறிவிடும். ஒருவர் ஒரு தலைவரை வள்ளல் என்பார். அடுத்தவர் அதே தலைவரை விளம்பரப் பிரியர் என்பார். இந்த வழக்கில் சாட்சிகள் ஏராளம். தீர்ப்பு மட்டும் வருவதில்லை.

2025 ஆம் ஆண்டில் அவ்வழக்கு புதிய சூடு பெற்றது. 1921 ஆம் ஆண்டிலிருந்து மாநிலத்தின் பெயரைத் தாங்கி நின்ற பேரா காற்பந்துக் குழு, 2025–26 ஆம் பருவத்துச் சூப்பர் லீக் போட்டியில் கலந்துகொள்ளாது என்று அதன் உரிமையாளராக அப்போதிருந்த தனியார் நிறுவனம் அறிவித்தது. நிதிச் சுமையே காரணம் எனச் சொல்லப்பட்டது. நூறாண்டைக் கடந்த ஒரு குழு முதல் நிலைப் போட்டியினின்று விலகுவதை ஓர் அலுவலகத்தின் முடிவு தீர்மானித்தது. மழையிலும் வெயிலிலும் மூன்று தலைமுறைகளாகச் சென்று ஆட்டம் பார்த்த மக்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடப்பாடும் எவருக்கும் இருக்கவில்லை.

தலைவர்களில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தலைவர்களைப் பற்றி ஓயாது பேசுகின்ற நாம், உடைமையைப் பற்றி ஏன் பேசாதிருந்தோம் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. அவ்வினாவிற்குரிய விடையைப் பேரா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றிலும் காணலாம் என்பது என் துணிபு.

கிண்ணம் வந்த வழி

மலேசியக் கிண்ணம் என்று இன்று நாம் அழைக்கும் பரிசின் பிறப்பே உடைமையைப் பற்றிய ஒரு சுவையான செய்தியைத் தன்னுள் கொண்டுள்ளது. முதல் உலகப்போரின் காலத்தில் 'மலாயா' என்ற பெயருடைய போர்க்கப்பல் ஒன்று பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. அக்கப்பலுக்குரிய செலவை ஏற்றது பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்கள் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கம். ஈய வயல்களிலும் பால்மரக் காடுகளிலும் உழைத்தவர்களின் வியர்வையிலிருந்து எழுந்த செல்வமே அரசாங்கத்தின் கருவூலத்தை நிரப்பியது என்பதை நாம் மறத்தலாகாது. 1921 ஆம் ஆண்டில் அக்கப்பல் நம் நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தபோது, தமக்குக் கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக அதன் அதிகாரிகளும் மாலுமிகளும் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பி ஆட்டத்திற்கு ஒன்றுமாக இரு கிண்ணங்களை அளித்தனர். ஆகவே, மலாயாக் கிண்ணம் வெளியார் தந்த கொடை போலத் தோன்றினாலும், அதைக் கொடுத்த கப்பலுக்கே விலை கொடுத்தது இந்த மண்தான்.

அப்போட்டி தொடங்கிய 1921 ஆம் ஆண்டே பேரா காற்பந்தின் தோற்ற ஆண்டுமாகும். 1926, 1931, 1957, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் பேரா அக்கிண்ணத்தை வென்றது. நாடு விடுதலை பெற்ற ஆண்டில் பெற்ற வெற்றியும், மலாயாக் கிண்ணம் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறிய 1967 இல் பெற்ற வெற்றியும் பழைய ஆதரவாளர்களின் நெஞ்சில் தனி இடம் பெற்றவை. பின்னர் இருபத்தெட்டு ஆண்டுகள் அக்கிண்ணம் பேராவை எட்டிப் பார்க்கவில்லை. 1998, 2000, 2018 ஆகிய ஆண்டுகளில் அது மீண்டும் வந்தது. இடையே 1990 இல் தொடங்கப்பெற்ற எஃப்.ஏ. கிண்ணத்தின் முதல் வெற்றியாளர் என்ற சிறப்பும், 2002, 2003 ஆகிய ஆண்டுகளின் லீக் வாகையும், 2004 இல் மறுபடியும் எஃப்.ஏ. கிண்ணமும் கிட்டின.

இந்த ஆண்டுகளை ஆதரவாளர்கள் மனப்பாடமாக ஒப்புவிப்பர். ஆனால், அவ்வெற்றிகளை ஈட்டிய குழு சட்டப்படி யாருடையது என்று கேட்டால், 'பேராவுடையது' என்பதற்கு மேல் பலர் சொல்லார். அந்த ஒரு சொல்லுக்குள் மாநிலமும் அரசும் சங்கமும் மக்களும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அந்தக் கலப்பே பின்னர் வந்த குழப்பத்திற்கு வித்தாயிற்று.

தோட்டத்துத் திடல்

1877 ஆம் ஆண்டில் கோலக்கங்சாரில் இருந்த தம் மாளிகைத் தோட்டத்தில் ஹியூ லோ என்ற ஆங்கிலேய அதிகாரி ரப்பர்க் கன்றுகளை நட்டார். அக்கன்றுகளின் வழித்தோன்றல்கள் சுங்கை சிப்புட், செம்மோர், பாகான் செராய், தெலுக் இந்தான் எனப் பேராவின் நாற்றிசையும் பரவின. அவற்றைத் தொடர்ந்து தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வந்து சேர்ந்தனர். தோட்டம் என்பது அவர்களுக்கு வேலையிடம் மட்டுமன்று, அதுவே ஊர். அவ்வூரில் லயன் வீடுகளும், மாரியம்மன் கோயிலும், தமிழ்ப்பள்ளியும், ஆயாக் கொட்டகையும், கள்ளுக்கடையும், இவற்றுக்கு நடுவே ஒரு திடலும் இருந்தன.

அத்திடலில்தான் தோட்டத்து இளைஞர் காற்பந்து கற்றனர். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, மரவட்டை முடித்து வந்த கால்களே மாலையில் பந்தை உதைத்தன. பக்கத்துத் தோட்டத்துடன் நடைபெறும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு லாரி ஏறிப் போவது ஒரு திருவிழா. வெற்றி பெற்றுத் திரும்பினால் லயத்தில் அன்றிரவு உறக்கம் இராது. தோட்டத்துப் பெயரைச் சட்டையில் அணிந்தவன் ஊருக்கே உறவினன் ஆனான்.

ஆயினும், அந்தத் திடலில் ஒரு பிடி மண்ணும் ஆடியவர்களுக்குச் சொந்தமில்லை. திடல் கம்பெனிக்கு உரியது. கம்பெனியின் பதிவு அலுவலகமோ பெரும்பாலும் லண்டன் மாநகரில் இருந்தது. புல் வெட்ட ஆள் அனுப்புவதும், கோல் கம்பம் நாட்டுவதும், பந்து வாங்கித் தருவதும், லாரி கொடுப்பதும் துரையின் விருப்பத்தைப் பொறுத்தவை. விளையாட்டில் நாட்டமுள்ள துரை வந்தால் தோட்டத்துக் குழு தழைத்தது. அடுத்து வந்தவருக்கு அதில் மனமில்லையென்றால் திடலில் புல் முழங்கால் அளவு வளர்ந்தது. 'அந்தத் துரை காலத்தில் எப்படி இருந்தது தெரியுமா?' என்று முதியவர் ஏங்கிப் பேசும் பேச்சு தோட்டத்துத் திண்ணைகளில் கேட்டுப் பழகிய ஒன்று.

நல்ல துரையும் நல்ல தலைவரும்

மாநிலக் காற்பந்தைப் பற்றிய பேச்சும் இதே சாயலை உடையது என்பதைச் சற்று ஊன்றி நோக்கினால் உணரலாம். மாநிலக் காற்பந்துச் சங்கங்களின் தலைமைப் பொறுப்பில் மந்திரி பெசார்களோ அரசியல் செல்வாக்குடையவர்களோ இருப்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். பேராவிலும் அவ்வாறே. 1999 முதல் 2008 வரை மந்திரி பெசாராக இருந்த தாஜோல் ரோஸ்லி சங்கத்திற்கும் தலைவராக விளங்கினார். 2018 இல் மந்திரி பெசாரான அகமது பைசால் அசுமுவும் அப்பொறுப்பை வகித்தார்.

இம்முறையால் விளைந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. மாநிலத் தலைவரே சங்கத் தலைவராகவும் இருக்கும்போது கதவுகள் எளிதில் திறக்கின்றன. விளம்பரம் தரும் நிறுவனங்கள் தயங்காமல் வருகின்றன. பயிற்சித் திடலுக்கு அலைய வேண்டியதில்லை. 2000 முதல் 2004 வரை கிட்டிய வாகைகளைக் கண்ட ஆதரவாளர்கள் அக்காலத்தைப் பொற்காலம் எனப் போற்றுவது இயல்பே.

ஆனால், அரசியல் நாற்காலியோடு கட்டப்பட்ட குழு, அந்த நாற்காலி ஆடும்போதெல்லாம் தானும் ஆட வேண்டியதாகிறது. 2008 மார்ச்சில் பேராவில் ஆட்சி மாறியது. 2009 பிப்ரவரியில் மீண்டும் மாறியது. 2018 மே மாதத்தில் மற்றுமொரு மாற்றம். 2020 டிசம்பரில் சட்டமன்ற நம்பிக்கை வாக்கெடுப்பில் மந்திரி பெசார் தோல்வியுற்றுப் பதவி இழந்தார். ஒரு விளையாட்டுக் குழுவின் வாழ்வு இத்தகைய அலைகளுக்கு நடுவே அமைதியாக நடைபெறும் என எதிர்பார்ப்பது ஆற்று மணலில் மாளிகை கட்டுவது போன்றதாகும்.

ஆதரவாளர்களோ ஒவ்வொரு முறையும் ஆளைப் பார்த்தார்கள், அமைப்பைப் பார்க்கவில்லை. 'இன்னார் போக வேண்டும்' என்று முழங்கினர். இன்னார் போனதும் வேறொருவர் வந்தார். வந்தவரை முதலில் மாலையிட்டு வரவேற்றனர். பின்னர் பழைய தலைவரை நினைத்து ஏங்கினர். நல்ல துரைக்காகக் காத்திருந்த லயத்து மக்களின் மனநிலையே மாடி வைத்த விளையாட்டரங்கிலும் குடிகொண்டிருந்தது. கருணையை நம்பி வாழ்பவன் கருணையாளரைத் தேடிக்கொண்டே இருப்பான், உரிமையைத் தேடமாட்டான்.

தனியார் கைக்கு வந்தபின்

அரசியலிலிருந்து காற்பந்தைப் பிரித்து வணிக முறையில் நடத்தினால் எல்லாம் சீராகும் என்ற கருத்தும் ஆதரவாளர்களிடையே நெடுநாள் நிலவிற்று. 2021 ஆம் பருவத்தையொட்டி, மாநிலச் சங்கங்களின் குழுக்கள் தனி நிறுவனங்களாக மாற வேண்டும் என்ற நடைமுறை நாடெங்கும் வந்தது. பேரா குழுவும் தனி நிறுவனமாயிற்று. அதே 2021 இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நிலுவையில் நின்றது. குழு சூப்பர் லீக்கிலிருந்து கீழ்ப் பிரிவிற்கு இறங்கியது. பின்னர்த் தனியார் உரிமையாளர்கள் வந்தனர். 2023 இல் குழு மேல் பிரிவிற்குத் திரும்பியது. 2025 இல் நிகழ்ந்ததை முன்னரே கூறினோம். அவ்வாண்டிலேயே பகாங் குழுவும் விலகியது. கெடா குழுவிற்கு உரிமம் கிட்டவில்லை. ஆகவே, இது ஒரு மாநிலத்து ஒரு தலைவரின் குற்றம் என்று சொல்லி முடித்துவிடக்கூடிய செய்தியன்று.

நம் சமூகத்தோடு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியிலிருந்து வளர்ந்த குழு 2017 இல் பிரிமியர் லீக்கிற்கும், 2019 இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயருடன் சூப்பர் லீக்கிற்கும் உயர்ந்தது. நம் இளைஞர் பலருக்கு அது ஒரு நுழைவாயிலாக இருந்தது. 2022 ஆம் பருவம் முடிந்ததும் அக்குழு போட்டியிலிருந்து விலகிற்று. வாயில் அடைபட்டது. அங்கும் ஆதரவாளர்களுக்கு வருந்த மட்டுமே உரிமை இருந்தது.

கடல் கடந்த நாட்டிலும் நம் நாட்டுச் செல்வர் ஒருவரால் இதே பாடம் கற்பிக்கப்பட்டது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி குழுவில் 2010 இல் முதலீடு செய்த வின்சென்ட் டான், 2012 இல் அதன் பரம்பரை நீல நிறச் சட்டையைச் சிவப்பாக மாற்றினார். நீலப்பறவை என்பதே அக்குழுவின் செல்லப்பெயர். அடுத்த ஆண்டே குழு இங்கிலாந்தின் தலைமைப் பிரிவிற்கு உயர்ந்தது. ஆயினும், வெற்றியைக் காட்டி நிறத்தை மறக்கச் செய்ய இயலவில்லை. ஆதரவாளர்களின் இடைவிடாத எதிர்ப்புக்குப் பின்னர் 2015 சனவரியில் நீலம் திரும்பியது. பணம் போட்டவருக்குச் சட்டம் உரிமை தந்தது. நினைவைச் சுமந்தவர்களோ தமக்கும் உரிமை உண்டு என்றனர். இவ்விரண்டும் மோதும் களமே இன்றைய காற்பந்து.

சுங்கை சிப்புட் தந்த விடை

இனித் தோட்டத்து வரலாற்றுக்குத் திரும்புவோம். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டுக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்தோட்டத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலை போயிற்று. வேலையோடு வீடும் போயிற்று. பள்ளியும் கோயிலும் திடலும் எவருடைய கணக்கிலும் சேராத பொருள்களாயின.

அந்நாளில் 'நல்ல முதலாளி ஒருவர் வாங்கினால் நன்றாயிருக்கும்' என்ற ஏக்கமே எங்கும் ஒலித்தது. ஆனால், பேராவின் சுங்கை சிப்புட்டில் 1919 இல் பிறந்து, ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன், கேள்வியையே மாற்றிக் கேட்டார். தோட்டத்தை யார் வாங்குவார் என்று ஏன் காத்திருக்க வேண்டும், உழைப்பவர்களே ஏன் வாங்கக்கூடாது என்பது அவர் எழுப்பிய வினா. 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப்பணம் செலுத்துமாறு தொழிலாளர்களிடம் வேண்டினார். அன்றைய நாட்கூலியில் பத்து வெள்ளி சிறு தொகையன்று. அரிசிப் பானையிலும் பிள்ளையின் சட்டையிலும் மிச்சம் பிடித்துக் கொடுத்த பணம் அது. அப்பணத்தைக் கொண்டு கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. வேறு பல தோட்டங்கள் தொடர்ந்தன. சம்பந்தன் 1979 இல் மறைந்தார். அவர் தோற்றுவித்த சங்கம் நிலைத்து நின்றது.

இதனோடு 1981 செப்டம்பர் 7 ஆம் நாள் நிகழ்ந்ததை ஒப்பிட்டு நோக்கலாம். அன்று காலை லண்டன் பங்குச் சந்தையில் நான்கு மணி நேரத்திற்குள் கத்ரி கம்பெனியின் ஆதிக்கம் மலேசிய நிறுவனமான பெர்மோடாலான் நேஷனலின் கைக்கு வந்தது. நாட்டின் பொருளாதார வரலாற்றில் அது பெரும் நிகழ்ச்சி. ஆயினும், மறுநாள் விடியலில் அக்கம்பெனியின் தோட்டங்களில் பெரட்டு மணி வழக்கம்போல் ஒலித்தது. லயத்து மக்களின் வாழ்வில் உடனடி மாற்றம் எதுவுமில்லை. உரிமையாளர் மாறுவது வேறு. உரிமை பெறுவது வேறு.

காற்பந்து உலகிலும் பத்து வெள்ளிப் பாடத்திற்கு ஒப்பான முயற்சிகள் உண்டு. செருமனியில் குழுக்கள் நிறுவனங்களாக மாற 1998 இல் இடம் தரப்பட்டபோதே, வாக்குரிமையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதியும் வகுக்கப்பட்டது. ஒரு சில விலக்குகள் இருப்பினும் அதுவே அந்நாட்டின் பொது நெறி. இங்கிலாந்தில் விம்பிள்டன் குழுவை வேற்று நகருக்கு மாற்ற 2002 இல் அனுமதி கிடைத்தபோது, அதன் ஆதரவாளர்கள் அழுதுவிட்டு வீட்டிற்குப் போகவில்லை. தாங்களே ஒரு புதுக் குழுவைத் தொடங்கினர். ஒன்பதாம் படிநிலையில் தொடங்கிய அக்குழு, ஒன்பதே ஆண்டுகளில், 2011 இல், தொழில்முறை லீக்கை எட்டியது.

இதற்கு மறுப்பும் எழலாம். இன்றைய தொழில்முறைக் காற்பந்தின் செலவு பத்து வெள்ளிகளால் தாங்கக்கூடியதா? இல்லைதான். கூட்டுறவு என்ற பெயர் ஒன்றே எல்லா நோய்க்கும் மருந்தாகாது. கணக்கு ஒழுங்காக இல்லையென்றால் கூட்டுறவும் கெடும், பொதுக்கூட்டத்திற்கு வராத உறுப்பினரும் உரிமையை இழப்பர் என்பதை நம் சமூகம் அனுபவத்தால் அறியும். ஆனால், முழு உடைமை இயலாவிடினும் ஒரு பகுதி உடைமை இயலும். குழுவின் பெயர், நிறம், சின்னம், சொந்தத் திடல், போட்டியில் கலந்துகொள்வதா விலகுவதா என்ற முடிவு ஆகிய இவற்றையேனும் உறுப்பினர்களின் ஒப்புதலின்றி எவரும் தொட முடியாதபடி விதி செய்யலாம். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடச் செய்யலாம். கோடிகள் தேவையில்லாத சீர்திருத்தங்கள் இவை.

கேட்க வேண்டிய கேள்வி

பேராவின் பழைய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்தோர் புந்தோங் போன்ற நகர்ப்புறங்களில் குடியேறினர். அவர்கள் பந்து உதைத்த திடல்களில் பல அடையாளம் தெரியாமல் போயின. தம்முடையது என்று அவர்கள் எண்ணியிருந்த திடலைக் காப்பதற்கு அவர்கள் கையில் ஒரு தாளும் இருக்கவில்லை. மாநிலக் குழுவின் ஆதரவாளர்களும் 2025 இல் அந்நிலையையே எய்தினர்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்களுக்கும் இவ்வரலாற்றில் ஒரு பணி காத்திருக்கிறது. தோட்டத்துக் குழுக்களில் ஆடிய முதியோர் நம்மிடையே இன்னும் வாழ்கின்றனர். அவர்களிடம் வெற்றி தோல்விகளைக் கேட்டு எழுதும்போது, அந்தத் திடல் யாருக்கு உரியதாக இருந்தது, பந்தை யார் வாங்கினார், தோட்டம் கைமாறியபோது திடலுக்கு என்ன நேர்ந்தது என்பவற்றையும் கேட்டு எழுத வேண்டும்.

கோப்பிக் கடை வழக்கு தொடரட்டும். பழைய தலைவர்களைப் போற்றுவோர் போற்றட்டும்; தூற்றுவோர் தூற்றட்டும். அடுத்து ஒரு புதிய தலைவர் மாலையோடும் அறிக்கையோடும் வந்து நிற்கும்போது, 'நீங்கள் எவ்வளவு பணம் கொண்டு வந்தீர்கள்?' என்பதை முதற் கேள்வியாகக் கேட்காமல், 'நீங்கள் போகும்போது குழு யாரிடம் இருக்கும்?' என்று கேட்கப் பழகினால், சுங்கை சிப்புட்டில் பத்து வெள்ளி கேட்டு நடந்த மனிதரின் பாடத்தை நாம் கற்றவர்கள் ஆவோம்.